பதினாலாம் பாடத்துக்கு இருபது வாக்கியங்கள்

ஜூன் 3, திங்கள்

காலையில் பல் தேய்ப்பதற்குள் மார்ட்டின் சார் போன். பதினோராம் வகுப்பு ஆங்கில இலக்கண கைடுக்குப் பதினாலாம் பாடம் மட்டும் இன்னும் வரவில்லையாம், அச்சகத்தில் காத்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர் பதிப்பகத்துக்கு நான் பதினோரு வருஷமாகக் கைடு எழுதுகிறேன். அட்டையில் 'அனுபவம் மிக்க ஆசிரியர் குழு' என்று போடுவார்கள். அந்தக் குழு நான் ஒருத்திதான்.

பதினாலாம் பாடம் இதுதான்: கிளாட், ஹேப்பி, கிரேட்ஃபுல், சாரி, பெட்டர் என்று மனநிலையைச் சொல்லும் ஒரு சொல், அதன் முதுகில் இஃப் போட்டு ஒரு நிபந்தனை. தமிழில் நாம் 'நீ வந்தால்' என்று முதலில் வாசலில் நிறுத்திவிட்டு, பிறகுதான் 'சந்தோஷமாக இருக்கும்' என்போம். ஆங்கிலக்காரன் சந்தோஷத்தை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவான். வாங்கிக்கொண்டு சிரிக்கும்போது பின்னால் மெதுவாக இஃப் வரும். பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். இதற்கு இருபது வாக்கியங்கள், விடைகளோடு. கடைசி ஐந்தில் இஃபுக்குப் பிறகு கோடு மட்டும் இருக்கும். பிள்ளைகளே நிரப்ப வேண்டும்.

கீழ்வீட்டில் தம்பி குடும்பம், மாடியில் நான். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டர், தமிழ்ப் பற்று அதிகம். எனக்கு வாசுகி, தம்பிக்குச் சேரலாதன் என்று பேர் வைத்தார். மகள் ஆங்கில இலக்கணம் விற்றுச் சாப்பிடுவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

ஒரு வாக்கியம்கூட எழுதவில்லை. கீரை ஆய்ந்தேன். கீழே கொடுக்கப் போனபோதுதான் தம்பிக்குக் கீரை ஆகாது என்பது ஞாபகம் வந்தது. திரும்ப எடுத்து வந்து நானே வதக்கித் தின்றேன்.

ஜூன் 4, செவ்வாய்

செவ்வாய், வியாழன், சனி சேரனுக்கு டயாலிசிஸ். மூன்று வருஷமாக இதுதான் வாரம். ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு, இரண்டு சிறுநீரகமும் சுருங்கிப் போயின. பைக் உதிரிபாகக் கடையை இப்போது அவன் மனைவி பிரமிளா பார்த்துக்கொள்கிறாள். செவ்வாய்க்கிழமை அவளுக்குச் சரக்கு வரும் நாள், அதனால் துணைக்கு நான் போவேன்.

இடது கையில் ஊசி போடுகிற இடத்தில் நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. தொட்டால் உள்ளே ஏதோ உறுமுவதுபோல் அதிரும். அவன் மகள் இனியாவுக்குப் பத்து வயது. அதில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அப்பா கைக்குள்ள பூனை இருக்கு" என்பாள். நான் இன்றுவரை தொட்டதில்லை.

அவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான். மாத்திரைக்கு ஒரு மடக்கு, சாப்பிட்டால் இரண்டு மடக்கு. மதுரை வெயிலில். ஊசி ஏறியதும் என்னிடம் கேட்டான்.

"அக்கா, என்ன பாடம் ஓடுது?"

"சந்தோஷம், ஆனா நிபந்தனையோட."

"நம்ம வீட்டுப் பாடந்தான்னு சொல்லு" என்றான்.

நாங்கள் வெளியே வருவதற்குள் டாக்டர் போனில் பிரமிளாவிடம் பேசியிருக்கிறார். சேரனின் இதயம் களைத்துக்கொண்டிருக்கிறது. டயாலிசிஸை நம்பி இன்னும் ரொம்ப நாள் ஓட்ட முடியாது, சொந்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்றாராம். அரசாங்கப் பதிவில் இவனுக்கு முன்னால் நிற்பவர்கள் ஏராளம். பிரமிளாவின் ரத்த வகை சேராது, சர்க்கரையும் உண்டு. சேருகிற ரத்தம் இந்த வீட்டில் ஒன்றுதான்.

ஜூன் 9, ஞாயிறு

திருமங்கலத்திலிருந்து பெரியம்மா வந்தாள். அம்மா போன பிறகு எங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே பெரியவள். ஒரு கூடை முருங்கைக்காயும் ஒரு தீர்ப்பும் கொண்டு வந்தாள். கீழே கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். நான் சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"இதுல யோசிக்க என்னத்தா இருக்கு? வாசுகி இருக்கால்ல" என்றாள் பெரியம்மா பிரமிளாவைப் பார்த்து. "அவளுக்கென்ன, புருஷனா, புள்ளையா குட்டியா? ஒத்தக்கட்டை. ஒண்ணு குடுத்தா ஒண்ணு இருக்கப் போகுது."

பிரமிளா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு எழுந்து வந்து என் கையிலிருந்த துருவியை வாங்கிக்கொண்டு, "நீங்க உக்காருங்க மதினி, நான் செய்றேன்" என்றாள். இந்த வீட்டில் என்னை யாரும் இப்படி உட்காரச் சொன்னதில்லை. இனி உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் இல்லையா, அதற்கு.

சேரன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் வைத்திருக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை.

யாரும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை என்பதைக் குறித்து வைக்கிறேன். குறை சொல்வதற்காக இல்லை. நடந்தது அதுதான்.

எனக்குக் கல்யாணம் அமையவில்லை, அமையாததில் வருத்தமும் இல்லை. ஆனால் அமையாததற்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று நாற்பத்தைந்து வயதில்தான் தெரிகிறது.

ஜூன் 12, புதன்

ஆறு வாக்கியங்கள். மூன்றை அடித்துவிட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைக் கேனில் பிடிக்கச் சொன்னார்கள். மருத்துவமனைக் கேன்டீனில் பிரமிளா எனக்கு மாதுளம் ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை.

தெருவுக்கே தெரிந்துவிட்டது. அயர்ன்காரர் என் புடவையைக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார். எதிர்வீட்டு ரமணிபாய் மாமி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி அக்கா கிடைக்க அவர் புண்ணியம் பண்ணிருக்கணும்" என்றாள். எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே நான் சம்மதித்துவிட்டேன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நடை வழியாகத்தான் ஸ்கேனுக்குப் போக வேண்டும். அம்மா அந்த மாதிரி ஒரு நடையில் தன் காலால்தான் நடந்து போனாள். கர்ப்பப்பையை எடுக்கிற சாதாரண ஆபரேஷன். வளையலைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "மத்தியானம் ரசம் வச்சிரு" என்றாள். மயக்க மருந்திலிருந்து எழவில்லை. நான் ரசம் வைத்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு, சேரன் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த நடை ஞாபகம் இருக்காது. அவன் வெளியே பரோட்டாக் கடையில் இருந்தான்.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எழுதத் தோன்றியது, எழுதினேன்.

ஜூன் 20, வியாழன்

மார்ட்டின் சாருக்குப் பதினைந்து வாக்கியங்கள் அனுப்பியிருந்தேன். போனில் கூப்பிட்டார்.

"மேடம், இலக்கணம் பக்காவா இருக்கு. ஆனா ஏன் எல்லாம் ஆஸ்பத்திரி வாசனையா இருக்கு?"

"எங்க சார்?"

"'கதவை மூடினால் நன்றியுடையவனாக இருப்பேன்' சரி. அடுத்தது, 'அந்த ஊசி வலிக்காவிட்டால் ஆச்சரியமாக இருக்கும்.' அதுக்கு அடுத்தது, 'யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.' எதைக் கேட்டிருந்தா மேடம்? பையன் கேப்பான்ல? பிக்னிக், பர்த்டே, கிரிக்கெட்டுன்னு போடுங்க."

பிக்னிக் போட்டேன். மழை வராவிட்டால் சந்தோஷம். ரவி வந்தால் சந்தோஷம். கேக் இருந்தால் சந்தோஷம்.

மத்தியானம் பிரமிளாவுக்குக் கடையில் வேலை, டயாலிசிஸுக்கு நான் போனேன். சேரனுக்குப் பொழுது போகவில்லை. கடைசி ஐந்தையும் காட்டி, நிரப்புடா என்றேன். எட்டாம் வகுப்போடு ஆங்கிலத்தைத் தலைமுழுகியவன். ஊசி இல்லாத கையால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகத் துருத்தி எழுதினான். 'எனக்குச் சந்தோஷமாக இருக்கும்' என்பதற்குப் பின்னால் இருந்த கோட்டில், ஒரு சொம்புத் தண்ணீரை எண்ணாமல் குடித்தால் என்று எழுதியிருந்தான். சொம்புக்கு ஆங்கிலம் தெரியாமல் சொம்பு என்றே போட்டிருந்தான்.

"டிரிங்க் இல்லடா, டிரேங்க்" என்று திருத்தினேன்.

"குடிச்சு முடிச்ச மாதிரியே இருக்கு, நல்லாத்தான் இருக்கு" என்றான்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்தேன். 'வருத்தமாக இருக்கும்' என்று தொடங்குகிற கோட்டை மட்டும் அவன் நிரப்பவில்லை. அப்புறம் எழுதுகிறேன் என்றான்.

ஜூன் 26, புதன்

எல்லாப் பரிசோதனையும் முடிந்து இன்று டாக்டர் ரெஜினாவைப் பார்த்தோம். கொடுப்பவரைத் தனியாகப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம். பிரமிளாவை வெளியே உட்காரச் சொன்னார். கூட வந்த பெரியம்மா, "நான் இருக்கனே, அவ சின்னப் புள்ள மாதிரி" என்றாள். அவளையும் வெளியே அனுப்பினார்.

என்னைவிட வயது குறைந்தவர். மேஜையில் பாதி கடித்த கொய்யாப்பழம் இருந்தது. காகிதங்களை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க உடம்பு எல்லா விதத்துலயும் பொருந்துது. இப்ப நான் கேக்கறது உடம்பைப் பத்தி இல்ல. உங்களுக்குக் குடுக்க இஷ்டமா?"

ஊர் முழுக்கப் பதில் தெரிந்த கேள்வி. முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார், எனக்கு வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

"தம்பி பிழைச்சா எனக்குச் சந்தோஷம்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். நான் கேட்டது அது இல்ல."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லலாம், வாசுகி. நான் வெளியில, இவங்க பொருந்தலைன்னு மட்டுந்தான் சொல்வேன். ஏன்னு யாருக்கும் சொல்ல மாட்டேன், கேட்டாலும் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் செய்றதுதான். பின்னால மனசு மாறுனா எப்ப வேணாலும் வாங்க. இந்த நம்பர்ல கூப்பிடுங்க."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை இங்கே தெளிவாக எழுதுகிறேன். ஒன்றுமே சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவர்தான் காகிதத்தில் ஏதோ எழுதினார். அவர்தான் எழுந்து கதவைத் திறந்தார்.

ஜூன் 27, வியாழன்

இட்லி மாவு புளித்துவிட்டது.

ஜூன் 28, வெள்ளி

இன்று டாக்டர் ரெஜினா, பிரமிளாவைக் கூப்பிட்டு, நான் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார். பிரமிளா மாடிக்கு ஏறி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வந்தவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மனசு கஷ்டப்படாதீங்க மதினி. நீங்க ரெடியாத்தான இருந்தீங்க. உடம்பு ஒத்துக்கலைன்னா நீங்க என்ன செய்வீங்க."

அவள் கை சில்லென்று இருந்தது. பாத்திரம் விளக்கிவிட்டு அப்படியே வந்திருக்கிறாள். நான் "ம்" என்றேன்.

சாயங்காலம் பெரியம்மா போனில் அழுதாள். "பாவி மகளே, குடுக்கணும்னு இம்புட்டு ஆசைப்பட்டியே." நான் ஆசைப்பட்டேன் என்பதையும் அவளே முடிவு செய்துவிட்டாள். சும்மா கேட்டுக்கொண்டேன்.

சேரன் மாடி ஏறுவதில்லை, மூச்சு வாங்கும். படிக்கட்டின் கீழே நின்று "அக்கா" என்று கூப்பிட்டான். எட்டிப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல. சும்மாதான்" என்றான். போய்விட்டான்.

இருபது வாக்கியமும் முடிந்தது. அனுப்பிவிட்டேன். மார்ட்டின் சாருக்குச் சந்தோஷம், நிபந்தனை இல்லாமல்.

ஜூலை 6, சனி

பிரமிளாவுக்குக் காய்ச்சல், அதனால் சேரனோடு நான் போனேன். போன வாரத்தைவிட முகம் ஊதியிருக்கிறது. ஊசி ஏற்றும்போது நர்ஸ், "நேத்து தண்ணி ஜாஸ்தி குடிச்சீங்களா அண்ணே?" என்று அதட்டினாள். "இல்லம்மா, பார்த்தேன், அம்புட்டுத்தான்" என்றான்.

மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு, கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். கேட்டது கேட்டபடி எழுதிவிடுகிறேன், பின்னால் என் வசதிக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது.

"அக்கா, என் மேல கோவமா?"

"எதுக்குடா கோவம்?"

"பெரியம்மா அன்னைக்கு அப்படிப் பேசுனப்ப நான் வாயே தொறக்கல. வீட்டுல யாருமே ஒன்கிட்ட கேக்கல, நானும் கேக்கல."

நான் போர்வையை இழுத்து அவன் காலை மூடினேன்.

"நான் கேட்ருந்தா நீ இல்லைன்னு சொல்லிருக்க முடியாதுக்கா. நீ அப்படி ஆளு இல்ல. சின்னதுலருந்து நான் கேட்டு நீ எதை இல்லைன்ருக்க? அதான் கேக்கல. நான் கேக்காம இருந்தா, ஒனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்றதுக்கு ஒரு வழியாச்சும் இருக்கும்ல. அம்மா போனப்ப ஆஸ்பத்திரியில நீதான் இருந்த. ஒனக்கு அந்தப் பயம் இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

"நல்ல வேளை, ஒடம்பே பொருந்தலைன்னு ஆகிப்போச்சு" என்றான். "எனக்கு இப்பத்தான் நிம்மதி. நீயும் நிம்மதியா இரு."

மெஷின் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. புடைத்த நரம்பு போர்வைக்கு வெளியே தெரிந்தது. அதன் மேல் கையை வைத்தேன். இனியா சொன்னது சரிதான், உள்ளே ஒரு பூனை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. நர்ஸ் வந்து கையை எடுக்கச் சொன்னாள்.

ஜூலை 7, ஞாயிறு

டாக்டர் ரெஜினாவின் நம்பரை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்யக் கூடாது. நாளைக் காலையில் முதல் வேலை.

மனசு லேசாக இருக்கிறது. ரசம் வைத்தேன். நன்றாக வந்தது.

ஜூலை 8, திங்கள்

காலையில் மார்ட்டின் சார் புரூஃப் அனுப்பிவிட்டார். விடைப் பகுதியில் நம்பர் எல்லாம் ஒன்று தள்ளிப் போயிருக்கிறது. நான்காவது கேள்விக்கு ஐந்தாவது பதில். பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள், பொறுப்பு என்னுடையது. முழுக்கத் திருத்தி முடிக்க மாலையாகிவிட்டது. மாலையில் டாக்டர்கள் ரவுண்ட்ஸில் இருப்பார்கள்.

சொம்பு வாக்கியத்தை விடைப் பகுதியில் மாதிரி விடையாகப் போட்டிருக்கிறேன், டிரேங்க் என்று திருத்தி.

ஜூலை 10, புதன்

நேற்று டயாலிசிஸுக்குப் போனதும் இன்று வேலையுமாகப் பொழுது சரியாக இருந்தது. இப்படிப்பட்ட விஷயத்தை அவசரத்தில் பேச முடியாது. ஒரு தடவை சொல்லிவிட்டால் மறுபடி மாற்றுவது அசிங்கம், அதனால் நிதானமாக, என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. வெள்ளிக்கிழமை நல்ல நாளும்கூட.

ஜூலை 11, வியாழன்

விடியற்காலையில் சேரனுக்கு மூச்சு முட்டிவிட்டது. நுரையீரலில் நீர். ஆம்புலன்ஸில் பிரமிளா ஏறிக்கொண்டாள். நான் இனியாவைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுப் போனேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வழியாகக் கால் மட்டும் தெரிந்தது.

நடையில் டாக்டர் ரெஜினா வந்தார். ஓடிப்போய் நின்றேன்.

"டாக்டர், நான் குடுக்கறேன். இப்பவே எடுத்துக்கங்க."

என் தோளில் கை வைத்தார். "இப்ப அவரால ஆபரேஷனைத் தாங்க முடியாது. இதயம் முதல்ல தேறட்டும். தேறுனா பார்க்கலாம்."

தேறினால்.

ஜூலை 13, சனி

சேரன் இன்று காலை போய்விட்டான்.

ஜூலை 28, ஞாயிறு

பதினாறாம் நாள் காரியம். சொந்தம் எல்லாம் வந்திருந்தது. படையலில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தார்கள். எல்லா வீட்டிலும் வைப்பதுதான். பிரமிளா அதைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெரியம்மா வந்தவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்தா நிக்கிறாளே, இவ குடுக்கறேன்னு ஒத்தக் கால்ல நின்னா. கடவுளுக்குப் பொறுக்கல." ஒவ்வொருவரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். யாரோ ஒரு பெண் என் கன்னத்தைத் தடவினாள். நான் பந்தியில் அப்பளம் பரிமாறினேன். யாருக்கும் குறை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சேரன் கட்டிலுக்கு அடியிலிருந்து என் பழைய தாள்களை இனியா எடுத்து வந்து கொடுத்தாள். 'வருத்தமாக இருக்கும்' என்ற கோடு அப்படியே இருக்கிறது. அவன் எதுவும் எழுதவில்லை. எழுதியிருப்பானோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மார்ட்டின் சார் துக்கம் விசாரித்தார். பிறகு தயங்கிவிட்டு, "மேடம், புத்தகம் வந்திருச்சு. தண்ணி குடிக்கறதுல பையனுக்கு என்ன சந்தோஷம்னு, அந்தச் சொம்பை மட்டும் ஐஸ்கிரீம்னு மாத்திட்டேன். தப்பா நினைக்காதீங்க" என்றார்.

சரி சார் என்றேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

பிரமிளா புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறாள். எனக்கு ஏதோ வியாதி இருக்கிறதாம்.

"அன்னைக்குப் பொருந்தலைன்னு சொன்னாங்கல்ல மதினி. அப்ப உங்க ஒடம்புல ஏதோ கோளாறு இருக்குன்னுதான அர்த்தம். அவரு விஷயத்துல பரபரப்புல உங்கள யாருமே கவனிக்கல. இனியாவுக்கு இனிமே நான் பாதி, நீங்க பாதி. உங்களுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். ஆரம்பத்தில் சேரனும் அப்படித்தான் சொன்னான் என்றாள். அதற்கு மேல் என்ன பேச முடியும்? கடையிலிருந்து வரும் வழியில் வேறொரு ஸ்கேன் சென்டரில் வெள்ளிக்கிழமைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

வேலை இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போனோம். பிரமிளா கடையை மூடிவிட்டு வந்தாள். ஸ்கேன் அறைக்குள் துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள், உள்ளேயே வந்துவிட்டாள். என் செருப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். படுத்திருந்த என் தலைமாட்டில் நின்றாள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் வயதானவர், கலகலப்பான மனிதர். ஜெல்லைத் தடவிக் கருவியை விலாவில் அழுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கிட்னிதான சந்தேகம்? ரெண்டும் ஜம்முன்னு இருக்கு. இந்த வயசுல இப்படி இருக்கறது அபூர்வம்மா. அளவு, ரத்த ஓட்டம், எல்லாம் முத்து மாதிரி. எதப் பாத்துப் பயந்து வந்தீங்க?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"நல்லாப் பாருங்க சார்" என்றாள் பிரமிளா. "குடுக்க முடியாதுன்னு சொன்னாங்க. பொருந்தலைன்னாங்க."

"யாரு சொன்னா? இதைவிட நல்லதா எங்க கிடைக்கப் போகுது? ரத்த குரூப் சேரலையோ என்னவோ."

"குரூப்பு சேரும் சார்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் கேட்கவில்லை. டாக்டர் துடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுத்தார். நான் எழுந்து உட்கார்ந்தபோது செருப்பு வைத்த இடத்தில் இருந்தது, அவள் இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆட்டோவில் வழி முழுக்க நான் பேசினேன். பாலம் வேலை முடியவில்லை, தக்காளி விலை, இனியாவின் தையல் டீச்சர். அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்து நான் மாடிப்படி ஏறினேன். பாதியில் கீழே இருந்து குரல் வந்தது.

"மதினி, ஒண்ணு கேக்கட்டுமா?"

திரும்பினேன். படிக்கட்டின் கீழே, சேரன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைப்பிடியைப் பிடித்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது, நான் என்ன சொல்லிவிடுவேனோ என்கிற பயம்.

"கேளு" என்றேன்.

நின்றாள். வாயைத் திறந்தாள்.

"வேணாம்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பகலில் அந்தக் கதவுக்கு இதுவரை தாழ்ப்பாள் போட்டதில்லை.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் கீழேயிருந்து காபி வரவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.

மார்ட்டின் சார் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதினாலாம் பாடம் வேண்டும் என்கிறார். ஒப்புக்கொண்டேன்.

கீழே பிரமிளா இனியாவுக்குத் தலை பின்னுகிற சத்தம் கேட்கிறது. வலிக்குதும்மா என்கிறாள் குழந்தை. முன்பெல்லாம் நேராக மாடிக்கு ஓடி வந்து என்னைப் பின்னச் சொல்வாள்.

பிரமிளா கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.